ஹெபடைடிஸ் சி வந்தால் பத்தியச் சாப்பாடா, கீழாநெல்லியா, 'லிவர் டீடாக்ஸ்' மாத்திரையா? உண்மையில் எது உதவும்?

ஆபீஸில் ரத்த தான முகாம் நடக்கிறது. நீங்களும் ஒரு யூனிட் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் சாப்பிட்டு, கையில் பிளாஸ்திரியோடு ஒரு செல்ஃபியும் போட்டுவிட்டு அதை மறந்தே போகிறீர்கள். சில நாட்கள் கழித்து ரத்த வங்கியிலிருந்து ஒரு போன். "ஒருதடவை நேர்ல வந்துட்டுப் போக முடியுங்களா?"

தங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது இந்தியாவில் நிறைய பேருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. இல்லையென்றால் ஏதோ ஒரு அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில். உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண் மஞ்சளாகவும் இல்லை. ஆனால் வீட்டுக்குச் சொன்ன அடுத்த அரை மணி நேரத்தில் சாப்பாட்டுத் தட்டு மாறத் தொடங்கிவிடும். "எண்ணெயைத் தொடாதே, மோர் சாதம் மட்டும் சாப்பிடு" என்பார் அம்மா. ஊரிலிருந்து கீழாநெல்லி வரும். ஜிம் நண்பர் மில்க் திஸில் மாத்திரைக்கு லிங்க் அனுப்புவார். பத்து நிமிட டெலிவரி ஆப்பில் 'லிவர் டீடாக்ஸ்' என்று தேடினால் பக்கம் பக்கமாகக் கொட்டும்.

எல்லோரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஹெபடைடிஸ் சி வைரஸை எந்தச் சாப்பாடும், எந்த சப்ளிமென்டும் விரட்டாது. அதை விரட்ட மாத்திரை இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் போதும், அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த 12 வாரத்தைத் தள்ளிப்போட வைப்பதுதான் இந்தப் பாட்டில்கள் செய்யும் முதல் கெடுதல். இரண்டாவது, அவற்றில் சில கல்லீரலையே தாக்குகின்றன.

'பாசிட்டிவ்' என்றால் நோய் இருக்கிறது என்று அர்த்தமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் வரும் ரிப்போர்ட் பெரும்பாலும் ஆன்டிபாடி சோதனையுடையது. எப்போதோ ஒரு காலத்தில் இந்த வைரஸ் உங்கள் உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். தொற்று ஏற்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 6 மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடும். இப்போதும் இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ சோதனைதான் காட்டும். அதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம், பத்தியத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

வைரஸ் தங்கிவிட்டவர்களுக்கு அது சத்தமே இல்லாமல் பல ஆண்டுகள் கல்லீரலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். 20 ஆண்டுகளுக்குள் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நிலை வரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் ஹெபடைடிஸ் சி-யோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பத்தியம் 'வேலை செய்வதாக' ஏன் தோன்றுகிறது?

நம் வீடுகளில் கல்லீரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலைதான். உப்பில்லாப் பத்தியம், கரும்புச் சாறு, மோர், மூலிகை உருண்டை எல்லாம் அதற்காக வந்தவை. அந்த மஞ்சள் காமாலைக்குப் பெரும்பாலும் காரணம் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ. அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் பரவும் வைரஸ்கள் இவை. இவை வந்த பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும். அந்தச் சில வாரங்களில் எதைச் சாப்பிட்டாலும் பெயர் அதற்குத்தான் போகும். மூன்று வாரம் மோர் சாதம் சாப்பிட்டவருக்கு மோர் சாதம் குணப்படுத்தியது, மூலிகை சாப்பிட்டவருக்கு மூலிகை குணப்படுத்தியது. தாத்தா காலத்து அனுபவம் பொய் இல்லை. அது வேறு நோயின் அனுபவம், அவ்வளவுதான்.

ஹெபடைடிஸ் சி ரத்தம் மூலம் பரவுவது. பெரும்பாலும் காமாலையே வராது. தானாகப் போகவில்லை என்றால் பத்தியத்துக்கும் போகாது.

கீழாநெல்லிக்கு ஒரு தனிக் கதை உண்டு. அதை வெறும் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அது ஒருமுறை உலகின் பெரிய மருத்துவ இதழ் வரைக்கும் போனது. 1988-ல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கோடு சேர்ந்து ஒரு ஆய்வை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி-க்கான அடையாளப் புரதம் காணாமல் போயிருந்தது. போலி மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. அன்றைக்கு அது பெரிய செய்தி. ஆனால் 1990-ல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதன் பிறகு வந்த ஆய்வுகளை மொத்தமாகப் பரிசீலித்தவர்களும் நம்பகமான ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இது எல்லாமே ஹெபடைடிஸ் பி பற்றிய ஆய்வு. பி-யும் சி-யும் பெயரில்தான் அண்ணன் தம்பி. பி டி.என்.ஏ வைரஸ், சி ஆர்.என்.ஏ வைரஸ், இரண்டும் வேறு வேறு குடும்பம்.

புளும்பெர்க்கின் பிறந்த நாளான ஜூலை 28-தான் இப்போது உலக ஹெபடைடிஸ் தினம். 2018-ல் அதே தேதியில்தான் இந்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

மாத்திரை என்ன செய்கிறது?

2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014-ல் அதைத் தயாரித்த நிறுவனம் இந்தியாவின் ஜெனரிக் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. அதன் பிறகு இங்கே விலை அடியோடு விழுந்தது. ஹெபடைடிஸ் சி அதிகம் காணப்படும் பஞ்சாப், 2016-லேயே இலவச சிகிச்சையைத் தொடங்கிவிட்டது. நாடு முழுவதற்குமான திட்டம் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தது.

சோஃபோஸ்புவிரோடு டக்லடாஸ்விர் அல்லது வெல்படாஸ்விர் சேர்த்து, பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் தினமும் கொடுக்கிறார்கள். முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கூடுதல் மருந்தோ கூடுதல் காலமோ தேவைப்படும். ஒழுங்காகச் சாப்பிட்டு முடிப்பவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைரஸ் முழுமையாகப் போய்விடுகிறது. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ சோதனையில் எதுவும் தெரியவில்லை என்றால் குணம் என்று அர்த்தம். முன்பிருந்த இன்டர்ஃபெரான் ஊசி மாதக்கணக்கில் போட வேண்டியது, காய்ச்சலும் மனச்சோர்வும் கொடுப்பது. அந்தக் காலத்தில் மூலிகையைத் தேடிப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு அந்த நியாயம் இல்லை.

சிகிச்சை தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனையும் செய்வார்கள். இரண்டும் இருப்பவர்களுக்கு சி போகும்போது பி மறுபடி தலைதூக்கும் ஆபத்து உண்டு. ஏ-வுக்கும் பி-க்கும் தடுப்பூசி இருக்கிறது, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி இல்லை.

மில்க் திஸில் சாப்பிடலாமா?

மில்க் திஸில் செடியிலிருந்து எடுக்கப்படும் சிலிமரின் இந்தியாவில் மருந்துச் சீட்டிலேயே எழுதப்படுவது உண்டு. அதனால் பலருக்கும் இது மருந்து என்றே நம்பிக்கை. ஹெபடைடிஸ் சி-க்கு இதைச் சரியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2012-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. இன்டர்ஃபெரான் பலிக்காத 154 பேரை வைத்து 24 வாரம், வழக்கத்தைவிட அதிக டோஸில் சோதித்தார்கள். கல்லீரல் புண்ணைக் காட்டும் ஏ.எல்.டி அளவு, போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை. வைரஸும் குறையவில்லை. பெரிய கெடுதல் இல்லை, பயனும் இல்லை. மாதாமாதம் அதற்குச் செலவழிக்கும் பணத்துக்கு முட்டை வாங்கலாம்.

மில்க் திஸிலாவது பரவாயில்லை. மற்ற பாட்டில்கள் அப்படி இல்லை.

கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று நாடே கிலோய் குடித்தது நினைவிருக்கிறதா? தமிழில் சீந்தில் கொடி. 2021-ல் மும்பை மருத்துவர்கள், கிலோய் சாப்பிட்ட பிறகு கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் வேறு கொடியாக இருந்திருக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்கள் வெளியாயின. செடி மாறிப்போயிருந்தால்கூட, அதை வாங்கிக் குடிப்பவருக்கு எப்படித் தெரியும்? பாட்டிலுக்குள் இருப்பது பொடி. பொடிக்கு முகம் கிடையாது.

அசுவகந்தா இப்போது தூக்கத்துக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் என்று ஐ.டி. ஊழியர்களின் மேசை டிராயரில் இருக்கிறது. 2023-ல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், அசுவகந்தா மட்டுமே உள்ள தயாரிப்பைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 8 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏற்கெனவே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள். ஹெபடைடிஸ் சி உள்ளவர் கவனிக்க வேண்டியது இந்த இடம்தான். ஆரோக்கியமான கல்லீரல் ஒரு அடியைத் தாங்கிவிடும். ஏற்கெனவே தழும்பேறிய கல்லீரலுக்கு அந்த இருப்பு இல்லை.

மஞ்சளுமா? சாம்பாரில் போடும் மஞ்சள் தூளைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். குர்குமின் கேப்ஸ்யூல் வேறு விஷயம். சமையலில் சேர்வதைவிடப் பல மடங்கு அளவை ஒரே மாத்திரையில் அடைத்து, போதாததற்கு மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்த்து, உடம்பு உறிஞ்சும் அளவை இன்னும் கூட்டுகிறார்கள். மஞ்சள் சப்ளிமென்டால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை 2022-ல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று பதிவு செய்தது. ஒருவர் உயிரிழந்தார். எடை குறைக்க விற்கப்படும் கிரீன் டீ சாரமும் இதே ரகம். டீயாகக் குடித்தால் பிரச்சினை இல்லை, சாரமாக எடுத்தால்தான் பிரச்சினை.

ஜிம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-ல் வெளியான ஒரு ஆய்வில் இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட 70 சதவீதத்தில் லேபிளில் போட்டிருந்த புரத அளவு தவறு. 14 சதவீதத்தில் அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருந்தது. கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புடைய நச்சு அது. (பூசணம் பிடித்த வேர்க்கடலையில் வருவதும் இதுதான். கசந்தால் துப்பிவிடுங்கள்.) சில பொடிகளில் மூலிகைச் சாரங்களும் கலந்திருந்தன. டப்பாவின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சப்ளிமென்டுகள் இங்கே உணவுச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. நோயைக் குணப்படுத்துகிறது என்று நிரூபித்துவிட்டு மருந்துபோலக் கடைக்கு வருவதில்லை.

சாதாரண வைட்டமின் மாத்திரைகள்?

ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால், டாக்டர் சொன்ன அளவில் எடுக்கலாம். வைட்டமின் டி அப்படிப்பட்டது. இரும்புச்சத்து மாத்திரையில் கவனம் தேவை. ஹெபடைடிஸ் சி உள்ளவர்களின் கல்லீரலில் இரும்பு அதிகமாகச் சேர வாய்ப்பு உண்டு, அது புண்ணைக் கூட்டும். சோர்வாக இருக்கிறதே என்று நீங்களாக இரும்பு டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். ரத்தசோகை உறுதியாகியிருந்தால் அது வேறு கணக்கு. வைட்டமின் ஏ மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் அதுவே கல்லீரலுக்கு நஞ்சு. கேரட், முருங்கைக் கீரையிலிருந்து கிடைப்பதில் அந்தப் பயம் இல்லை.

12 வார சிகிச்சை நடக்கும்போது மட்டும் இன்னும் கறாராக இருக்க வேண்டும். மன அழுத்தத்துக்கு ஆன்லைனில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, சோஃபோஸ்புவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கடன் வாங்காமலே கிடைத்த மருந்தை நாமே வீணாக்கிய மாதிரி. நம் ஊரில் அதைவிட அதிகம் நடப்பது அசிடிட்டி மாத்திரை விஷயம். பான்டோப்ரசோல், ஓமிப்ரசோல் எல்லாம் மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறோம். வெல்படாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அமிலத்தை அடக்கினால் மருந்து உள்ளே போகாது. ஆன்டாசிட் சிரப் என்றால் 4 மணி நேர இடைவெளி தேவை. வலிப்பு, காசநோய், இதயத்துடிப்பு மருந்துகள் சாப்பிடுபவர்கள் முதல் நாளே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா டப்பாவையும், சூரணத்தையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவது நல்லது. "ஆயுர்வேதம்தானே, இதைச் சொல்லணுமா?" என்றால், ஆமாம், அதைத்தான் முதலில் சொல்லணும்.

சரி, அப்போ என்னதான் சாப்பிடுவது?

சிரோசிஸ் இல்லாதவருக்கு விடை ஏமாற்றமாக இருக்கும் அளவுக்கு எளிது. வீட்டில் எல்லோரும் சாப்பிடும் நல்ல சாப்பாடு. பருப்பு, முட்டை, மீன், கோழி, தயிர், காய்கறி, பழம். எண்ணெயை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. காரம் கல்லீரலைச் சுடாது. அசைவத்தை நிறுத்தத் தேவையில்லை.

கட்டுப்படுத்த வேண்டியது சர்க்கரையும் எடையும். இந்த வைரஸ் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுத்து நீரிழிவுக்கு வழி போடும். இந்தியாவில் அதிகம் காணப்படும் மூன்றாம் வகை வைரஸ் தானாகவே கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும். அதன் மேல் ராத்திரி பதினொரு மணி பிரியாணியும், நாள் முழுக்க நாற்காலியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். காமாலைக்கு என்று வீட்டில் கொடுக்கும் கரும்புச் சாறும் குளுக்கோஸ் தண்ணீரும் இங்கே நேர் எதிராக வேலை செய்யும்.

மது கூடாது. 'வாரக்கடைசியில் இரண்டு பீர்தானே' என்பதற்கும் இதில் இடமில்லை. வைரஸும் ஆல்கஹாலும் சேர்ந்தால் கல்லீரல் தழும்பேறுவது வேகமெடுக்கும்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது, காபி. ஹெபடைடிஸ் சி முற்றிய 766 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வில், தினம் மூன்று கப் அல்லது அதற்கு மேல் காபி குடித்தவர்களுக்கு நோய் மேலும் மோசமாகும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிடப் பாதியளவே இருந்தது. டீயில் இந்தத் தொடர்பு தெரியவில்லை. இது கவனித்துச் சொன்னது, காபிதான் காரணம் என்று நிரூபித்தது இல்லை. ஆனாலும் காலை ஃபில்டர் காபியை யாராவது நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டாம். சர்க்கரையை மட்டும் குறையுங்கள்.

சிரோசிஸ் வந்துவிட்டால் கணக்கு மாறும். பத்தியம் மிகப் பெரிய தீங்கு செய்வது இங்கேதான். புண்ணான கல்லீரலால் சத்தைச் சேமித்து வைக்க முடியாது. ஓர் இரவு சாப்பிடாமல் தூங்கி எழுவது, நல்ல உடம்புள்ளவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கத் தொடங்கும். அதனால்தான் இப்போதைய வழிகாட்டுதல்கள் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கின்றன. 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். மோர் சாதத்தில் அதில் கால்வாசிகூடத் தேறுவது கஷ்டம். படுக்கப் போகும் முன் பாலும் இரண்டு இட்லியும், அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், கட்டாயமாக ஏதாவது சாப்பிட வேண்டும். விரதம் வேண்டாம், இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கும் வேண்டாம்.

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், நாளுக்கு 5 கிராமுக்குள். அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் முதலில் தட்டை விட்டுப் போக வேண்டும். வேகாத மட்டி, சிப்பி வகைகளையும் சிரோசிஸ் உள்ளவர்கள் தொடவே கூடாது, அதிலுள்ள ஒரு பாக்டீரியா உயிரையே எடுக்கும். தலைவலிக்கு பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. இபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

தனித் தட்டு, தனி டம்ளர்?

தேவையே இல்லை. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, முத்தத்தாலோ, எச்சிலாலோ இது பரவாது. தனியாக வைத்துக்கொள்ள வேண்டியவை ரேசர், நகவெட்டி, டூத் பிரஷ், அதாவது ரத்தம் படக்கூடியவை. கிருமி நீக்காத ஊசி, பச்சை குத்தும் ஊசி, ஊசியைப் பகிர்ந்து போதை மருந்து எடுப்பது, சோதிக்காத ரத்தம் ஏற்றியது, இவைதான் முக்கிய வழிகள். தட்டைத் தனியாக வைக்கும் வீட்டில், நோயாளி சாப்பிடும் அளவும் குறைந்துவிடுகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

குணமான பிறகும் ஆன்டிபாடி சோதனை வாழ்நாள் முழுக்க 'பாசிட்டிவ்' என்றே வரலாம். அதைப் பார்த்துவிட்டு மறுபடி கீழாநெல்லிக்குத் திரும்ப வேண்டாம். ரத்த தானம் மட்டும் இனி செய்ய முடியாது. மறுபடி தொற்றினால் மறுபடி வரும் என்பதால் ரேசர் விஷயத்தில் பழைய கவனமே தொடர வேண்டும். சிரோசிஸ் வந்திருந்தவர்கள் வைரஸ் போன பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலோ, அடுத்த அறுவை சிகிச்சையின்போதோ இந்த 'பாசிட்டிவ்' மறுபடி கேள்வியாக வரும். 12 வாரம் கழித்து எடுத்த அந்த ஆர்.என்.ஏ ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.